மறக்கவில்லை, பதியவே இல்லை

"டாக்டர், எனக்கு மறதி நோய் வந்துவிட்டதா?" முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள் இப்படிக் கேட்டுக்கொண்டு வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. தைராய்டு, பி12, தூக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிடுவேன். பலருக்கு அவற்றில் குறை எதுவும் இருக்காது. அப்புறம்தான் அன்றாட வேலையைப் பற்றிக் கேட்பேன். மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே மின்னஞ்சலுக்குப் பதில், நடுவே வாட்ஸ்அப், பக்கத்தில் பாதி எழுதிய அறிக்கை. "ஒரே நேரத்தில் நாலு வேலை பார்ப்பேன்" என்பதைப் பெருமையாகவே சொல்வார்கள். காதில் விழுந்தது மனதில் பதியவே இல்லை என்றால், பிறகு எதை நினைவுபடுத்திக்கொள்வது?

அவர்களிடம் ஒரு தாளைக் கொடுப்பேன். நீங்களும் செய்து பார்க்கலாம். 1 முதல் 10 வரை எழுதுங்கள். அடுத்து அ முதல் ஒ வரை. எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது அதையே 1, அ, 2, ஆ என்று மாற்றி மாற்றி எழுதுங்கள். அதே இருபதுதான். ஆனால் பாதியைத் தாண்டும்போது பேனா தயங்கும். கவனம் கேட்கும் இரண்டு வேலைகளை மூளை சேர்த்துச் செய்வதில்லை. ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் நேரம் போகிறது, பிழையும் நுழைகிறது.

தாவிய பிறகும் மனம் முழுதாக வந்து சேர்வதில்லை. பாதியில் விட்ட வேலை உள்ளே ஓடிக்கொண்டே இருப்பதை, 2009இல் சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 'கவன எச்சம்' என்று விளக்கினார். எழுந்து போகும் முன் எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து என்ன என்று ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள் என்பேன். கைபேசியைக் கவிழ்த்து வைத்தால் போதாது, அடுத்த அறைக்குப் போகட்டும்.

பாட்டுக் கேட்டுக்கொண்டே துணி மடிக்கலாம், தப்பில்லை. அது கைக்குப் பழகிய வேலை. வண்டி ஓட்டிக்கொண்டே போனில் பேசுவது அப்படியல்ல, ஹெட்செட் போட்டாலும்தான். 2010இல் வாட்சன், ஸ்ட்ரேயர் என்ற இரு ஆய்வாளர்கள் 200 பேரை ஓட்டுநர் சிமுலேட்டரில் உட்கார வைத்து, போன் வழியே கணக்கும் நினைவுச் சோதனையும் கொடுத்தார்கள். ஓட்டுவதும் சோதனையும் கெடாமல் சமாளித்தவர்கள் 2.5 சதவீதம்தான். அந்த ஐந்து பேரில் தானும் ஒருவர் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு!

நானும் யோக்கியன் இல்லை. நோயாளி பேசப் பேசக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தவன்தான். ஒருமுறை, ஒரு மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒருவர் சொன்னது ஏறாமல், அதையே எழுதிவிட்டேன். சீட்டைப் பார்த்து அவரே, "இதைத்தானே சார் வேண்டாம் என்று சொன்னேன்?" என்றார். இப்போது முதலில் கேட்டுவிடுகிறேன்; தட்டுவது அப்புறம்.