கார் நிறுத்துமிடம் உண்டு என்று சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள்

வேலூரில் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ அடுக்குமாடி வீடு காட்டும் தரகர், ‘கார் பார்க்கிங் உண்டு சார்’ என்று தவறாமல் சொல்வார். அட்வான்ஸ் கைமாறி, சாமான்கள் இறங்கி, சில மாதங்கள் போன பிறகு அந்த இடத்தில் வேறொருவர் கார் நிற்கும். கேட்டால், ‘ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?’ என்பார் உரிமையாளர். எழுதியிருக்காது. சிகிச்சைக்காக அவசரமாக வீடு பிடிப்பவர்களும், கல்லூரி வேலைக்கு வெளியூரிலிருந்து வருபவர்களும்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

வாடகைக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாட்களுக்குள் அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பின்னணி இவ்வளவு போதும்.

‘பதினோரு மாதத்துக்குத்தானே, பதிவெல்லாம் எதற்கு?’ என்பார்கள். நம்பாதீர்கள். ஓராண்டுக்குக் குறைந்தால் பதிவு வேண்டாம் என்ற அந்தப் பதினோரு மாதக் கணக்கு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு உரியது. வாடகைச் சட்டத்தில் காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு உண்டு. பதிவாகாத ஒப்பந்தம் சான்றாக ஏற்கப்படாது. ஒப்பந்தமே இல்லையென்றால் அதையே காரணம் காட்டி உங்களை வெளியேற்றக் கோரலாம். எழுதித் தராமல் இழுத்தடித்தவரே அந்தக் காரணத்தைச் சொல்ல முடியும் என்பதுதான் கொடுமை. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டால் பதிவுக்காக உரிமையாளரின் தயவை எதிர்பார்க்க வேண்டாம், வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம். பதிவு இணையத்தில்தான் நடக்கிறது. இது தெரியாமல் முத்திரைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலக வாசலில் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே ‘இது எங்கள் வேலையில்லை’ என்பார்கள். யாருடைய வேலை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

விண்ணப்பத்தில் மாவட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் இராணிப்பேட்டை மாவட்டத்தில். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்தில். பழைய பழக்கத்தில் வேலூர் என்று போட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

இனி ஒப்பந்தம். ‘பார்க்கிங் வசதியுடன்’ என்ற இரண்டு சொல் எதற்கும் உதவாது. சொத்து விவரத்தில் இடத்தின் எண், கூரை உள்ளதா திறந்தவெளியா, காருக்கா இருசக்கர வாகனத்துக்கா, வாடகையில் அது அடங்குமா, பராமரிப்புக் கட்டணம் யார் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன் உரிமையாளரின் கிரயப் பத்திரத்தைப் பாருங்கள். அவருக்கே நிறுத்துமிடம் இல்லாத வீடுகள் உண்டு. இல்லாததை அவர் எப்படி உங்களுக்குத் தருவார்? குடியிருப்போர் சங்கத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது சட்டம். உடனே மகிழ வேண்டாம். ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்று ஒரு சன்னலையும் அதே சட்டம் திறந்துவைத்திருக்கிறது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகத் தரச் சம்மதித்துக் கையெழுத்திட்டுவிட்டால் பிறகு மூன்று மாதக் கணக்குப் பேச முடியாது. பேரம் பேசும் நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

குடியிருக்கும்போதே நிறுத்துமிடத்தைப் பூட்டினாலோ பிறருக்குக் கொடுத்தாலோ விட்டுவிடாதீர்கள். தண்ணீர், மின்சாரம்போல அதுவும் அத்தியாவசிய வசதிதான். உரிமையாளர் தடுக்கக் கூடாது. காவல் நிலையத்துக்குப் போனால் ‘சிவில் விவகாரம்’ என்று அனுப்பிவிடுவார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுத்தால், அது மேசை மேசையாகப் பயணம் செய்யும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் நேரடியாக விண்ணப்பியுங்கள். பதிவு எண், ஒப்பந்த நகல், தேதியுடன் எடுத்த படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். ‘வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்’ என்றால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.