பழைய டேட்டாபேஸிலிருந்து மாடல் எடுக்கும் முன்

பழைய டேட்டாபேஸ் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதை வைத்தே புது அப்ளிகேஷன் கட்ட வேண்டும்" என்பார்கள். திறந்து பார்த்தால் 180 டேபிள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து கிளாஸ் எழுதினால் வாரக்கணக்கில் இழுக்கும். ஜாங்கோவில் இன்ஸ்பெக்ட்டிபி, டாட்நெட்டில் என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் ஸ்கஃபோல்டு, பிரிஸ்மாவில் டிபி புல் என்று எல்லா இடத்திலும் இதற்கொரு கட்டளை உண்டு. ஒரு தட்டு தட்டினால் மொத்த மாடலும், அதாவது டேபிள்களை நிரலில் காட்டும் வரையறைகள் எல்லாமும், வந்துவிடும். நானும் அப்படித்தான் தொடங்குகிறேன், அதில் தவறே இல்லை. வந்த ஃபைலை யாரும் படிப்பதில்லை என்பதுதான் என் கவலை.

இந்தக் கருவிகள் டேட்டாபேஸ் தன்னைப் பற்றி வைத்திருக்கும் உள்பட்டியலை வாசிக்கின்றன. டேபிள் பெயர் என்ன, ஃபீல்டு எந்த வகை, நல் (மதிப்பே இல்லாத வெறுமை) வரலாமா, ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் பிரைமரி கீ எது, இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபாரின் கீ எங்கே போகிறது என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். டேபிளுக்குள் உண்மையில் என்ன தரவு கிடக்கிறது என்று பெரும்பாலும் அவை எட்டிப் பார்ப்பதில்லை.

இதனால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஆர்டர் டேபிள் ஒன்றில் ஸ்டேட்டஸ் என்ற ஃபீல்டு, வகை டைனிஇன்ட்(1), அதாவது சிறு முழு எண். எங்கள் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில், ட்ரூ, ஃபால்ஸ் இரண்டை மட்டும் வைக்கும் பூலியனுக்கென்று தனி வகை கிடையாது. பூல் என்று எழுதினாலும் டைனிஇன்ட்(1) என்றுதான் வைத்துக்கொள்ளும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 1, திரையில் காட்டும் அகலம் மட்டுமே. உள்ளே -128 முதல் 127 வரை எந்த எண்ணும் போகும். ஆனால் டைனிஇன்ட்(1) என்று கண்டதுமே பூலியன் என்று எழுதிவிடும் கருவிகள் பல. நாங்கள் பயன்படுத்தியதும் அப்படித்தான். டேபிளை முதலில் கட்டியவர்களோ 0 என்றால் காத்திருப்பு, 1 என்றால் உறுதி, 2 என்றால் ரத்து என்று வைத்திருந்தார்கள்.

2 என்பது பூஜ்யம் இல்லையே, அதனால் ட்ரூ ஆகிவிட்டது. ரத்தான ஆர்டர்கள் எல்லாம் உறுதியான பட்டியலில் வந்து உட்கார்ந்தன. எர்ரர் எதுவும் வரவில்லை. எங்கள் டெஸ்ட் தரவில் 0, 1 மட்டுமே இருந்ததால் டெஸ்டும் பச்சை காட்டியது. இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. ரத்தான ஆர்டரைத் திறந்து முகவரியை மட்டும் திருத்திச் சேமித்தால், மாடல் எல்லா ஃபீல்டுகளையும் சேர்த்தே எழுதியது. அதில் 2 போய் 1 ஆகிவிட்டது. கணக்குப் பார்ப்பவர் மொத்தத் தொகை ஒத்துவரவில்லை என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மாறிப்போன வரிகளை பேக்கப்பிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி மீட்டோம். அந்த ஃபீல்டில் என்னென்ன மதிப்புகள் எத்தனை முறை வருகின்றன என்று குரூப் பை போட்டு ஒரு வினவலை முன்னாடியே ஓட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இப்போது மாடல் எடுக்கும் முன் எல்லா டைனிஇன்ட்டுக்கும், ஸ்டேட்டஸ், டைப், ஃபிளாக் என்று பெயருள்ள எல்லா ஃபீல்டுக்கும் அதை ஓட்டிவிடுகிறேன்.

அடுத்தது உறவுகள். மைஎஸ்க்யூஎல் 5.5-இல்தான் இன்னோடிபி, டேபிள்களைச் சேமிக்கும் இயல்பான எஞ்சினாக வந்தது. அதற்கு முன் இருந்த மைஐசாம், ஃபாரின் கீ எழுதினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் எங்கேயும் பதிந்து வைக்காது. ஒரு ஃபீல்டில் எந்த மதிப்பு வரலாம் என்று கட்டுப்படுத்தும் செக் நிபந்தனைக்கும் 8.0.16 வரும் வரை இதே கதிதான். எழுதியவர் பாதுகாப்பு இருப்பதாக நம்பியிருப்பார், டேட்டாபேஸுக்கு அது தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட ஸ்கீமாவிலிருந்து (டேபிள்களின் அமைப்பிலிருந்து) மாடல் எடுத்தால் கஸ்டமர்_ஐடி வெறும் எண்ணாகவே வரும். ஆர்டரிலிருந்து வாடிக்கையாளருக்குப் போக வழி இருக்காது.

இங்கே மாடலைக் கையால் ஒட்டுப்போட வேண்டாம். _ஐடி என்று முடிந்தும் ஃபாரின் கீ இல்லாத ஃபீல்டுகளைப் பட்டியல் எடுங்கள். லெஃப்ட் ஜாயின் போட்டு இரண்டு டேபிளையும் இணைத்துப் பார்த்து, தாய் வரி இல்லாமல் தொங்கும் வரிகளைத் தேடுங்கள். பழைய டேபிள்களில் அவை கட்டாயம் இருக்கும் என்றே எதிர்பாருங்கள். அவற்றை என்ன செய்வது என்று தரவுக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுச் சரிசெய்துவிட்டு, மைஐசாம் டேபிளாக இருந்தால் இன்னோடிபிக்கு மாற்றி, டேட்டாபேஸிலேயே ஃபாரின் கீயைச் சேருங்கள். அப்புறம் மாடலை எடுங்கள்.

கருவிகள் நமக்குச் சொல்லிவைக்கும் எச்சரிக்கைகளையும் தாண்டிப் போய்விடுகிறோம். ஜாங்கோ தனக்குப் புரியாத வகைக்கு டெக்ஸ்ட்ஃபீல்டு போட்டுவிட்டு, இது ஊகம் என்று பக்கத்திலேயே கமென்ட் எழுதுகிறது. என்டிட்டி ஃபிரேம்வொர்க், டேட்டாபேஸின் முகவரியும் பாஸ்வேர்டும் அடங்கிய கனெக்‌ஷன் ஸ்டிரிங்கை நிரலுக்குள் எழுதிவிட்டு, இதை வெளியே எடுத்துவிடுங்கள் என்று எச்சரிக்கிறது. அதைப் படிக்காமல், நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் (Git) ஏற்றினால் பாஸ்வேர்டும் சேர்ந்தே போகும். கட்டளையோடு அதற்கான ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டினால் அந்த வரியே வராது. பணம் இருக்கும் டெசிமல் ஃபீல்டு, தோராயமாக வைக்கும் ஃப்ளோட்டாக மாறியிருக்கிறதா, ஜாவாஸ்கிரிப்ட் என்றால் பெரிய முழு எண்ணான பிக்இன்ட் சாதாரண நம்பராக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 9007199254740991-ஐத் தாண்டினால் அந்த நம்பர் துல்லியமாக இருக்காது.

கருவி எழுதிய ஃபைலில் நான் கை வைப்பதில்லை. நம் விதிகளை அங்கே எழுதினால் அடுத்த முறை எடுக்கும்போது அத்தனையும் அழிந்துபோகும். சி ஷார்ப் என்றால் ஒரே கிளாஸைப் பல ஃபைல்களில் பிரித்து எழுதும் பார்ஷியல் கிளாஸ், மற்ற மொழிகளில் தனி ஃபைலில் ஒரு சப்கிளாஸோ துணைச் செயல்பாடோ போதும். கருவி எழுதியதை அப்படியே கிட்டில் வைத்துவிட்டு, ஸ்கீமா மாறும்போதெல்லாம் மறுபடி எடுத்து, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை (டிஃப்) பார்ப்போம். போன மாதம் அப்படிப் பார்த்த டிஃப்பில் ஒரே ஒரு வரிதான் மாறியிருந்தது: தேதி ஃபீல்டு ஒன்று நல் வாங்கத் தொடங்கியிருந்தது. அந்தத் தேதியை எடுத்துக் கணக்குப் போடும் இடங்கள் நாலு இருந்தன. நாலையும் அன்றைக்கே திருத்திவிட்டோம்.