ரிவர்ஸுக்கென்று தனிக் கியர் கிடையாது

"சார், முன்னாடி நல்லா ஓடுது. ரிவர்ஸ் போட்டா மட்டும் இன்ஜின் சத்தம் ஏறுது, வண்டி நகரவே மாட்டேங்குது." பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டது இது. அவருடையது பழைய 4 கியர் ஆட்டோமேட்டிக் கார். தக்காளி மண்டிக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார், திரும்பி வர நாலு பேர் தள்ள வேண்டியிருந்தது. பட்டறையில் கியர் பாக்ஸையே மாற்றச் சொன்னார்களாம். வீட்டில் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்தார்களாம்.

இரண்டுமே அவசரம். ரிவர்ஸ் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால், ஸ்பேனரைத் தொடாமலே கோளாறு இருக்கும் இடத்தை ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

சாதாரண கியர் பாக்ஸில் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றை நுழைத்தால் சுழற்சி திரும்பிவிடும். பள்ளியில் படித்ததுதான். விலை குறைந்த ஆட்டோமேட்டிக் கார்களில் பல ஏஎம்டி வகை. அவற்றுக்குள் இருப்பதும் இதே கியர் பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் மட்டும் மனிதனுக்குப் பதில் இயந்திரம் கவனிக்கிறது. நான் சொல்லப்போவது, இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள அசல் ஆட்டோமேட்டிக்கைப் பற்றி.

அதன் உள்ளே இருப்பது கோள் பல்சக்கர அமைப்பு. நடுவில் சூரியன், அதைச் சுற்றிச் சில கோள்கள், எல்லாவற்றையும் வெளியே வளைத்து உட்பக்கம் பல் வெட்டிய ஒரு வளையம். கோள்களின் அச்சுகளைத் தாங்க ஒரு சட்டம். இங்கே பற்கள் எப்போதும் பொருந்தியே இருக்கும். எதைச் சுழற்றுகிறோம், எதைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதுதான் கியர்.

இதைக் கையாலேயே பார்க்கலாம். கும்பிடுவதுபோல் கைகளை வைத்து, இடையில் விரல்களுக்குக் குறுக்காக ஒரு உருண்டைப் பென்சிலை வையுங்கள். வலது கை சூரியன், பென்சில் கோள், இடது கை வளையம். இடது கையை அசைக்காமல் வலது கையை முன்னால் தள்ளுங்கள். பென்சில் உருண்டு முன்னால் போகும், ஆனால் கையின் பாதி வேகத்தில். இது முன்னோக்கிய தாழ்ந்த கியர். இப்போது பக்கத்தில் இருப்பவரிடம் பென்சிலின் இரு முனைகளையும் பிடிக்கச் சொல்லுங்கள். பென்சில் சுழலலாம், இடம் மாறக் கூடாது. மறுபடி வலது கையை முன்னால் தள்ளினால் இடது கை தானாகப் பின்னால் போகும்.

அவ்வளவுதான் ரிவர்ஸ்! எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை. சூரியனுக்கு 30 பல், வளையத்துக்கு 70 பல் என்றால், சட்டத்தைப் பிடித்தவுடன் சூரியன் 7 சுற்றுச் சுற்ற வளையம் எதிர்த்திசையில் 3 சுற்றுச் சுற்றும். திசையும் மாறிவிட்டது, இழுவையும் கூடிவிட்டது, புதிதாக ஒரு பல்சக்கரம்கூடச் சேர்க்கவில்லை. ஹோவர்ட் சிம்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இப்படி இரண்டு தொகுதிகளை ஒரே சூரியனில் கோத்தார். 1956-இல் கிரைஸ்லர் கார் நிறுவனம் கொண்டுவந்த டார்க்ஃப்ளைட் என்ற ஆட்டோமேட்டிக் பெட்டியில் அதுதான் இருந்தது. பாலக்கோட்டு வண்டியிலும் அதன் வழிவந்த அமைப்புதான்.

சரி, கோளாறுக்கு வருவோம். ரிவர்ஸுக்கு இரண்டு பிடிகள் வேண்டும். இன்ஜினின் சுழற்சியைச் சூரியனுக்குக் கொண்டுவரும் டைரக்ட் கிளட்ச் ஒன்று, சட்டத்தை நிறுத்தும் லோ-ரிவர்ஸ் பிரேக் இன்னொன்று. இரண்டையும் இறுக்குவது ஆயில் அழுத்தம். இந்த இரண்டுமே ரிவர்ஸுக்கு மட்டும் உழைப்பவை அல்ல. டைரக்ட் கிளட்ச் 3-ஆம், 4-ஆம் கியர்களிலும் பிடிக்கும். லோ-ரிவர்ஸ் பிரேக், லீவரை எல்லில், அதாவது தாழ்ந்த கியருக்கான இடத்தில், வைத்தால் முதல் கியரிலும் பிடிக்கும். அதனால் ரிவர்ஸின் நோயை மற்ற கியர்களிடம் விசாரிக்கலாம்.

3-இலும் இன்ஜின் வீணாகச் சுழன்று வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் டைரக்ட் கிளட்ச். 3 நன்றாக இருந்தால் சந்தேகம் பிரேக் மேல். ஆனால் பிரேக் தேய்ந்திருந்தாலும் டி-யில் வண்டி அருமையாகக் கிளம்பும். காரணம், ஒரு பக்கம் மட்டும் பூட்டிக்கொள்ளும் ஒருவழிக் கிளட்ச் அங்கே சட்டத்தைத் தாங்கிவிடுகிறது. பிரேக்கின் குறையை அது மறைத்துவிடும். மறைக்க முடியாத ஒரே இடம் இறக்கம். தொப்பூர் கணவாயில் லாரியைக் கீழ் கியரில் இறக்குபவருக்கு இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது தெரியும். எல்லில் மெதுவாக இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதே பிடிப்பு வர வேண்டும். வராமல் வண்டி சும்மா உருண்டால் லோ-ரிவர்ஸ் பிரேக் வேலை செய்யவில்லை. இந்தச் சோதனையைத் தொப்பூரில் செய்யாதீர்கள். ஊருக்குள் ஆளில்லாத சின்ன இறக்கம், 20 கிலோமீட்டர் வேகம் போதும்.

இதற்கெல்லாம் முன்னால் ஆயில் மட்டத்தையும், லீவரைப் பெட்டியோடு இணைக்கும் செலக்டர் கேபிளையும் பாருங்கள். ரிவர்ஸில் அழுத்தம் கூடுதலாக வேண்டியிருப்பதால் ஆயில் குறைந்தால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அதுதான். நியூட்ரலிலேயே வண்டி முன்னால் ஊர்ந்து, ரிவர்ஸில் இன்ஜின் திணறினால் விஷயம் வேறு. முன்னோக்கிய கிளட்ச் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புதிய 6 கியர் பெட்டிகள் சிலவற்றில் ஒரு கிளட்சுக்குப் பெயரே 3-5-ஆர். 3, 5, ரிவர்ஸ் மூன்றும் சேர்ந்து நழுவினால் யாரைப் பிடிக்க வேண்டும் என்று பெயரே சொல்லிவிடுகிறது.

ஓசூரில் வண்டிகள் செய்கிற வட்டாரம் நம்முடையது. இங்குள்ள ஒவ்வொரு ஐடிஐயிலும், உள்ளே தெரியும்படி அறுத்து வைத்த ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். பிள்ளைகள் அந்தச் சட்டத்தை விரலால் பிடித்து, வளையம் திரும்பிச் சுழல்வதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், பெட்டியையே மாற்று என்று வாயில் வராது. பூசணிக்காய் உடைப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் அதை நம்பி ஒரு மாதம் நழுவும் கிளட்சோடு ஓட்டினால், கருகிய தூள் ஆயிலில் கலந்து நல்ல வால்வுகளையும் அடைத்துவிடும். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

அந்த வாசகர் சோதித்துவிட்டு மறுபடி பேசினார். ஆயில் மட்டமும் கேபிளும் சரி. 3 நன்றாக ஏறுகிறது. எல்லில் வண்டி பிடிக்காமல் உருள்கிறது. அப்படியானால் பிரேக்தான். ஆயிலை அந்தந்தப் பிடிக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியைக் கழற்றி, பிரேக்குக்குப் போகும் துளையில் கம்ப்ரசர் காற்றை அடிக்கச் சொன்னேன். பிரேக்கை இறுக்கும் பிஸ்டன் நகர்ந்தால் 'டொப்' என்று கேட்கும், அப்போது பார்க்க வேண்டியது அது அழுத்தும் பிளேட்டுகளை. 'புஸ்' என்று காற்று ஓடினால் சீல் கிழிந்திருக்கிறது. அவருக்குக் கேட்டது 'புஸ்'. பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும், ஆனால் மாற்ற வேண்டியது அந்த ரப்பர் சீலும், பார்த்துவிட்டு அதன் பிளேட்டுகளும்தான்.