குதிருக்குள் நொச்சி என்ன செய்கிறது?

1974-இல், பருவம் தவறிய மழையில் நனைந்து சரியாக உலராமல் சேமிக்கப்பட்ட மக்காச்சோளத்தை உண்டு, குஜராத், ராஜஸ்தான் எல்லையோரப் பழங்குடி ஊர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு இறந்தனர். அவர்கள் வீட்டு நாய்களும் நோயுற்றன. காரணம், அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் உண்டாக்கிய அஃப்ளடாக்சின் நஞ்சு. தானியத்தில் ஒருமுறை ஊறிவிட்டால் சாதாரணச் சமையல் சூட்டில் அது முழுமையாக அழியாது என்பதால், பூஞ்சணம் முளைக்கும் முன்பே தடுத்தாக வேண்டும்.

முதல் காவல் வெயில்தான். நெல்லின் ஈரம் 13 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டால், எஞ்சிய நீரை மாவுப்பொருள் இறுகப் பற்றிக்கொள்வதால் பூஞ்சணத்தால் அதை உறிஞ்ச முடிவதில்லை. நிலக்கடலைக்கு இந்த அளவு போதாது: எண்ணெய் நீரைப் பிடித்துவைப்பதில்லை என்பதால் பருப்பை 8 சதவீதத்துக்கும் கீழே உலர்த்த வேண்டும். நன்கு காய்ந்த நெல்மணியைப் பல்லில் கடித்தால் நசுங்காமல் ‘கடுக்’கென்று உடையும்.

குதிரில் போடும் நொச்சியும் வேப்பிலையும் பூஞ்சணத்தைக் கொல்வதற்காக என்று பலர் நம்புகிறார்கள். அவற்றின் முதன்மையான வேலை அதுவன்று என்பது என் கருத்து. அவை வண்டுகளை விரட்டுகின்றன, அதன் வழியாகவே பூஞ்சணத்தைத் தடுக்கின்றன. வண்டுகள் மூச்சுவிடும்போது வெப்பமும் நீராவியும் வெளிப்படுகின்றன. குவியலுக்குள் கைவிட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். அந்த ஆவி மேலேறிக் குளிர்ந்த மேற்பரப்பில் நீராகப் படிந்து மணிகளைக் கட்டிதட்ட வைக்கிறது. பூஞ்சணம் அங்கேதான் தொடங்குகிறது. இலைகளை நிழலில் நன்கு உலர்த்திப் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் அவையே ஈரத்தைக் கொண்டுவந்துவிடும்.

பூஞ்சணத்தை நேரடியாகத் தாக்குபவை கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனாலும் ஓம எண்ணெயில் உள்ள தைமாலும். கொழுப்பில் எளிதில் கரையும் இந்த மூலக்கூறுகள் பூஞ்சணச் செல்லின் சவ்வுக்குள் நுழைந்து, அதன் கட்டமைப்பைத் தாங்கும் எர்கோஸ்டெரால் உருவாவதைக் குலைக்கின்றன. சவ்வு கசிந்து, உள்ளிருக்கும் அயனிகள் வெளியேறுகின்றன. ஆவியாகப் பரவுவதால் மணிகளின் இடுக்குகளுக்கும் இவை எட்டுகின்றன. ஆனால் ஆய்வகத் தட்டில் போதுமான அளவு, கிடங்கில் போதுவதில்லை: கொஞ்சம் காற்றோடு போய்விடுகிறது, கொஞ்சத்தைத் தானியத்தின் கொழுப்பே உறிஞ்சிக்கொள்கிறது. இதைச் சரிசெய்ய, இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானுக்குள் எண்ணெயைப் பொதிந்து மெல்ல மெல்லக் கசியவிடும் முறையைக் காசி இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட பலர் சோதித்து வருகின்றனர்.

விதைநெல்லுக்கு மட்டும் இந்த எண்ணெய்களைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. அளவு மிஞ்சினால் முளைப்புத்திறனும் குறைந்துபோகும்.