போத்தலுக்குள் கரையும் ஓடுகள்

நண்டு, மட்டி, கடல்முள்ளி எல்லாவற்றையும் மாதிரிகளாகப் பாதுகாக்கப் போமலினில் (போமல்டிகைட்டின் நீர்க்கரைசலில்) போட்டு அலுமாரியில் அடுக்கிவிடும் பழக்கம் நம் ஆய்வுகூடங்களில் இன்னும் விடவில்லை. மீனுக்கு அது ஒத்துவரும், ஓடுள்ள முள்ளந்தண்டிலிகளுக்கு ஒத்துவராது. நாட்பட்ட போமலினில் போமிக்கமிலம் உருவாகி ஓட்டிலுள்ள கல்சியம் காபனேற்றைக் கரைக்கும். முதலில் சிப்பியின் பளபளப்பு போகும், பிறகு நண்டின் ஓடு மெத்தென்றாகும். கரைந்ததை மீட்க வழியே இல்லை.

இவற்றுக்கு 70 முதல் 80 வீத எதனோலே சரி. 96 வீத எதனோல் 73 மி.லீ. எடுத்து, 100 மி.லீ. கோடுவரை காய்ச்சிவடித்த நீர் விட்டால் 70 வீதம். உடலின் கனவளவைப் போல மூன்று மடங்காவது திரவம் நிற்கவேண்டும். உடம்பிலுள்ள நீர் வெளியேறி எதனோலை ஐதாக்குவதால் மறுநாளே புதிதாக மாற்றுங்கள். நண்டை உயிருடன் இட்டால் கால்களைக் கழற்றிவிடும். முதலில் உறையவைத்து எடுங்கள். போமலினில் ஏற்கெனவே கிடப்பவற்றை, நீரைப் பலமுறை மாற்றி ஒரு நாள் ஊறவைத்து, 30, 50, 70 வீதம் எனப் படிப்படியாக ஏற்றுங்கள். நேரே ஏற்றினால் மென்னுடல் சுருங்கிவிடும். மிஞ்சும் போமலினை வாவிக்குப் போகும் வடிகாலில் ஊற்றவே கூடாது.

நம் வெயிலில் பெரிய சிக்கல் ஆவியாதல். நீரைவிட எதனோல் விரைந்து போகும். குறைந்த மட்டத்தை 70 வீதத்தால் நிரப்பிக்கொண்டே வந்தால், போத்தல் நிறைந்திருந்தும் செறிவு இறங்கிக்கொண்டே போகும். 50 வீதத்துக்குக் கீழே அழுகல்தான். ஆகவே எதனோல் வீதத்தைக் காட்டும் நீரடர்த்திமானியால் அளந்து பாருங்கள். 20 பாகைக்கு அளவுகோடிட்ட மானி, 30 பாகை அறையில் உண்மையைவிட 3 வீத அலகு அளவில் கூட்டிக் காட்டும். அதைக் கழித்துத்தான் வாசிக்கவேண்டும். தகர மூடியைக் கடற்காற்று தின்றுவிடும், பிளாஸ்ரிக் மூடியே நல்லது.

அடையாளச் சீட்டு போத்தலுக்குள்ளேயே இருக்கட்டும். தடித்த பருத்திக் கடதாசியில் பென்சிலால் எழுதுங்கள்; போல்பொயின்ற் மை எதனோலில் கரையும். “மட்டக்களப்பு வாவி” என்று மட்டும் எழுதினால் பயனில்லை. முகத்துவாரத்துக்கு அருகிலும் உள்ளேயும் உவர்ப்பு வேறு, மாரியிலும் கோடையிலும் வேறு. ஆள்கூறு, திகதி, ஆழம், சேறா மணலா, சேகரித்தவர் பெயர் எல்லாம் வேண்டும்.

சீட்டில்லாத பழைய போத்தல்களை எறியாதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடமும் ஆய்வுகூட உதவியாளர்களிடமும் விசாரியுங்கள். அவர்கள் சொல்வதைத் தனிச் சீட்டில், யார் எப்போது சொன்னது என்ற குறிப்புடன் எழுதி உள்ளே இடுங்கள். ஊகத்தில் இடப்பெயர் எழுதுவதைவிட வெறுமையாக விடுவது மேல்.