குளிர்பான நிறுவனங்களின் இணைப்பும் நம் ஊர்க் கடைக்காரரின் ஒப்பந்தமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் நான், தோட்டப்புற மளிகைக் கடைக்காரர்களும் ஒட்டுக்கடை நடத்துவோரும் கொண்டுவரும் தாள்களுள் மிகுந்த கவனத்துடன் படிப்பது குளிர்ப்பெட்டி ஒப்பந்தத்தைத்தான். பெட்டியைக் குளிர்பான நிறுவனம் இலவசமாகத் தருகிறது. பதிலுக்கு, பிற நிறுவனங்களின் பானங்களை அதில் வைக்கக் கூடாது, விற்காத வகைகளையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். வேறொரு நிறுவனம் போட்டிக்கு இருக்கும்வரை கடைக்காரர் பேரம் பேசலாம். அதையும் இதே நிறுவனம் வாங்கிவிட்டால் அவர் யாரிடம் போவார்?

இந்தக் கவலை வெளிநாட்டு அதிகாரிகளுக்கும் இருந்திருக்கிறது. ஹுய்யுவான் என்னும் பழச்சாறு நிறுவனத்தைச் சுமார் 240 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்க முன்வந்த கோக்கா கோலாவைச் சீன வர்த்தக அமைச்சு 2009 மார்ச்சில் தடுத்தது. சோடா பானச் சந்தையில் உள்ள பலத்தைக் கொண்டு பழச்சாற்றையும் சேர்த்து விற்று, சிறிய உற்பத்தியாளர்களை அந்நிறுவனம் நசுக்கிவிடக்கூடும் என்பது அமைச்சு சொன்ன காரணங்களுள் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமோ 2005-இல் குளிர்ப்பெட்டியையே கவனத்தில் எடுத்துக்கொண்டது. கோக்கா கோலா இலவசமாகத் தந்த பெட்டியைத் தவிர வேறு பெட்டி இல்லாத கடைகளில், அதன் இடத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் கடைக்காரர் தம் விருப்பப்படி பிற பானங்களுக்குப் பயன்படுத்தலாம் என்று அந்நிறுவனம் தந்த வாக்குறுதியைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. நம் ஊர்க் கடைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2012 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள நமது 2010 போட்டித்தன்மைச் சட்டம், 4ஆம் பிரிவில் போட்டியைக் கெடுக்கும் உடன்பாடுகளையும், 10ஆம் பிரிவில் சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதையும் தடை செய்கிறது. மீறும் நிறுவனத்துக்கு அதன் உலகளாவிய விற்பனை வருமானத்தில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் இரு பெரிய குளிர்பான நிறுவனங்கள் இணையும் முன்பே ஆராய்ந்து தடுக்கும் அதிகாரத்தை இயற்றப்பட்டபோது அச்சட்டம் தரவில்லை. கிடங்குகளும் லாரிகளும் ஆள்களும் ஒன்றாகிவிட்ட பிறகு நிறுவனங்களைப் பிரிப்பது மிகவும் கடினம் என்பதால் இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். அச்சட்டத்தைச் செயல்படுத்தும் மலேசியப் போட்டித்தன்மை ஆணையம் 2022-இல், இணைப்புக் கட்டுப்பாட்டையும் உள்ளடக்கிய திருத்தங்கள் குறித்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. அத்தகைய வேளைகளில் நம் வணிகர் சங்கங்கள் எழுத்துப்பூர்வமாகக் கருத்துத் தெரிவிக்க வேண்டும்.

நிறுவனம் கைமாறியதும் விற்பனை முகவர் புதிய படிவத்தோடு வந்து, “பெயர் மாற்றம் மட்டும்தான், கையெழுத்துப் போடுங்கள் அண்ணே” என்பார். பழைய ஒப்பந்தத்தை அருகில் வைத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த வரி எது என்று பாருங்கள். நகல் வாங்காமல் கையொப்பமிடாதீர்கள். வேறு பானம் வைத்ததற்காகச் சரக்கை நிறுத்துவதாக மிரட்டினால் அந்தச் செய்தியையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். போட்டித்தன்மைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி மலேசியப் போட்டித்தன்மை ஆணையத்திடம் எழுத்து மூலம் புகார் அளிக்கும்போது அவையே உங்களுக்குச் சான்று.