இல்லாதவரை மூளை ஏன் எதிர்பார்க்கிறது?

விடியற்காலையில் கடலூர் துறைமுகத்துக்குப் படகுகள் திரும்பும் சத்தத்துக்கு மீனவர் வீடுகளில் காது பழகியிருக்கும். கணவரை இழந்து சில மாதங்களே ஆன ஒரு பெண்ணுக்கு அந்த நேரத்தில் இன்னமும் தானாக விழிப்பு வரும். அடக்கத்தைப் பார்த்தவர், பதினாறாம் நாள் காரியமும் முடித்தவர். கணவர் வரமாட்டார் என்று தெரியும், ஆனாலும் காது வாசலில்தான் இருக்கும். தனக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்றுகூடப் பயம் வரும். பயப்பட வேண்டியதில்லை. பல வருடங்களாகக் கற்றதைத்தான் மூளை செய்துகொண்டிருக்கிறது.

அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது மூளையின் அடிப்படை வேலைகளில் ஒன்று. 2013இல் நார்வேயில் மூளை விஞ்ஞானிகளான மோசர் தம்பதியின் ஆய்வகத்தில் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பெட்டிக்குள் குறிப்பிட்ட இடத்தில் ஒரு பொருளை வைத்து, எலியை உலவவிட்டு, பிறகு பொருளை எடுத்துவிட்டார்கள். காலியாக இருந்த அந்த இடத்துக்கு எலி வந்தபோதெல்லாம் மூளையின் சில நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், துடித்தன, நாட்கள் கழித்தும்! ஒரு சின்னப் பொருளுக்கே இப்படியென்றால், முப்பது வருடம் கூடவே இருந்த மனிதருக்கு எத்தனை தடங்கள் பதிந்திருக்கும்?

இறப்பு நடந்தது என்ற செய்தி ஒரே நாளில் நினைவில் ஏறிவிடுகிறது. 'எங்கே போனாலும் வந்துவிடுவார்' என்பதோ ஆயிரக்கணக்கான நாட்கள் பழகிப் பதிந்தது. இரண்டும் ஒரே தலைக்குள் மோதுகின்றன. எதிர்பார்ப்பு பொய்க்கும் ஒவ்வொரு விடியலிலும் மூளை தன் கணக்கைத் துளித்துளியாகத் திருத்துகிறது. துக்கம் இவ்வளவு நாள் இழுப்பதற்கும், இவ்வளவு களைப்பைத் தருவதற்கும் இது ஒரு காரணம்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மூளை புதிதாகக் கற்கும்போது பழையது அழிவதில்லை, அதன் மேல் புதியது படிகிறது, அவ்வளவுதான். அதனால்தான் வருடங்கள் போன பிறகும் ஒரு வாசனையோ ஒரு தேதியோ பழையதை அப்படியே எழுப்பிவிடுகிறது. 2004 சுனாமியில் கடலூர் மாவட்டம் 600க்கும் மேற்பட்டவர்களை இழந்தது. இன்றும் டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் பாலும் பூவும் கடலில் சேர்கின்றன. அன்று உடைந்து அழுபவர் பின்னோக்கிப் போய்விட்டார் என்று எண்ண வேண்டாம். நினைவின் இயல்பே அப்படி.

சரி, புது வாழ்க்கை எப்படித் தொடங்குகிறது? கணவரையோ மனைவியையோ இழந்தவர்களை ஆராய்ந்த நெதர்லாந்தின் உளவியலாளர்கள் ஸ்ட்ரோப், ஷுட் இருவரும் 1999இல் சொன்ன விளக்கம்தான் எனக்கு நிஜத்துக்கு நெருக்கமாகப் படுகிறது. துக்கப்படுபவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் நிற்கிறார்: அழுகிறார், போட்டோவை எடுத்துப் பார்க்கிறார். இன்னொரு நேரம் வாழ்க்கையின் பக்கம் போகிறார்: கணவர் பார்த்துக்கொண்ட பேங்க் வேலையைத் தானே கற்கிறார், மீன் கூடையைத் தூக்குகிறார். இப்படி மாறிமாறிப் போவதுதான் ஆற்றுகிறது. அழுகை மட்டுமே என்றால் புதுப் பழக்கம் உருவாக இடமில்லை. வேலையில் மூழ்கித் தப்பித்துக்கொண்டே இருந்தாலோ, அவர் இல்லாததை மூளை நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை. 'புருஷன் போயி மாசம்கூட ஆவல, அதுக்குள்ள ஏலத்துக்கு வந்துட்டாளே' என்று பேசுபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காலையில் மீன் ஏலத்தில் உரக்க விலை கேட்டவர் மாலையில் குலுங்கி அழலாம். இரண்டும் பொய்யில்லை.

நம் சடங்குகளில் ஒரு பாதி இப்படி மாறிமாறிப் போவதற்கு உதவுகிறது என்றே நினைக்கிறேன். பதினாறாம் நாள், ஆடி அமாவாசை, வருடத் திவசம் என்று அழுவதற்கு நேரமும் கூட்டமும் தருகிறோம். ஆனால் விதவையைச் சுபகாரியங்களிலிருந்து விலக்குவதும், பூவைப் பறிப்பதும், வீட்டுக்குள் உட்காரவைப்பதும் வாழ்க்கையின் பக்கம் போகும் கதவையே சாத்திவிடுகின்றன. இதை மரபு என்று சொல்லி மன்னிக்க என்னால் முடியவில்லை.

பெரும்பாலானோர் சிகிச்சை இல்லாமலே மெல்லத் தேறிவிடுகிறார்கள். சிலருக்குத் துக்கம் அப்படியே உறைந்துவிடுகிறது. 6 மாதத்துக்கு மேலும் ஏக்கம் தணியாமல் அன்றாட வாழ்க்கையே நின்றுபோனால் அதை நீடித்த துக்க நோய் என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. 2008இல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், இப்படிப்பட்டவர்கள் இறந்தவரின் படத்தைப் பார்த்தபோது, ஆசையோடும் பரிசோடும் தொடர்புள்ள பகுதி கூடுதலாகத் தூண்டப்பட்டது. இவர்களுக்கென்றே அமெரிக்காவில் உருவான பேச்சு சிகிச்சை, இழப்பைப் பற்றிப் பேசவும் ஒதுக்கிவந்த இடங்களுக்குப் போகவும் பழக்குகிறது. கூடவே புது இலக்குகளையும் யோசிக்கவைக்கிறது. 2005இல் வெளியான ஆய்வில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான ஒரு பேச்சு சிகிச்சையில் அது 28 சதவீதம். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் புதுச்சேரி ஜிப்மரின் மனநல மருத்துவப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். அதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமென்றால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.